எடை குறைக்க ஆன்லைன் குழு: சேர்ந்தவர்களுக்கு உண்மையில் பயன் உண்டா?

வெள்ளிமீன்:

வணக்கம். ரத்தச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. உடல் எடையில் 7 சதவீதம் குறைத்துக்கொண்டு வாருங்கள், மாத்திரையைப் பற்றி அப்புறம் பேசலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். என்ன சாப்பிட வேண்டும், எவ்வளவு நடக்க வேண்டும் என்பதெல்லாம் தெரியும், அதை நான் கேட்க வரவில்லை. வீட்டில் அக்கறை இல்லை என்றும் சொல்ல முடியாது, ஆனால் "நீ நல்லாத்தானே இருக்கே" என்பதும் "இன்னும் குறையலையா" என்பதும் ஒரே வாயிலிருந்து ஒரே வாரத்தில் வருகிறது. அதனால்தான் வெளியே துணை தேடிப் போனேன்.

இப்போது இரண்டு இடங்களில் இருக்கிறேன். ஒன்று முப்பது பேர் கொண்ட சாட் குழு. காலையில் எழுந்ததும் எடை மெஷின் காட்டும் எண்ணைப் படம் எடுத்துப் போட வேண்டும். வார இறுதியில் அட்மின் பட்டியல் போடுவார், முதல் மூன்று பேருக்குக் கோப்பைப் படம், கடைசி மூன்று பேருக்கு ஆமைப் படம். எல்லோரும் சிரிக்கிறார்கள், நானும் சிரிப்பு எமோஜி போடுகிறேன், ஆனால் எண் ஏறிய நாளில் போனைக் கையில் எடுக்கவே பிடிக்கவில்லை. இன்னொன்று ஆயிரக்கணக்கானோர் உள்ள பெரிய மன்றம். அங்கே நான் ஒரு வரிகூட எழுதியதில்லை, படிப்பதோடு சரி.

இந்த மாதிரிக் குழுக்களால் யாருக்காவது நிஜமாகப் பயன் கிடைத்திருக்கிறதா, அல்லது நாம் ஏதோ செய்துகொண்டிருக்கிறோம் என்ற திருப்தி மட்டும்தானா? எடையை வெளியே சொல்லித்தான் ஆக வேண்டுமா? ஏறிய வாரங்களில் நான் காணாமல் போய்விடுகிறேன், அப்புறம் திரும்பி வரக் கூச்சமாக இருக்கிறது, இதற்கு என்ன செய்வது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். டயட் சார்ட் மட்டும் தயவுசெய்து அனுப்பாதீர்கள்.

தராசுமுள்:

முதலில் அந்த ஆமைக் குழுவிலிருந்து வெளியே வாருங்கள் தோழி, மீதியை அப்புறம் பேசலாம்.

காரணம் சொல்கிறேன். தினசரி எடை என்பது பாதி தண்ணீர்க் கணக்கு. உடம்பு கிளைகோஜனாகச் சேர்த்து வைக்கிற மாவுச்சத்தில் ஒவ்வொரு கிராமுக்கும் சுமார் 3 கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டு நிற்கும். முந்தின நாள் உப்பு கொஞ்சம் கூடிவிட்டாலோ, மாதவிடாய் நெருங்கினாலோ, மலச்சிக்கல் இருந்தாலோ, புதிதாக உடற்பயிற்சி தொடங்கித் தசைகள் வலித்தாலோகூட எண் ஒரு கிலோ, சிலருக்கு இரண்டு கிலோவரை ஆடும். கொழுப்பு ஒரே ராத்திரியில் அப்படி ஏறாது, இறங்கவும் இறங்காது. ஒழுங்காக இருந்தவருக்கு அன்று ஆமை கிடைக்கும், முந்தின நாள் முழுக்கப் பட்டினி கிடந்து தண்ணீரும் குடிக்காமல் வந்தவருக்குக் கோப்பை கிடைக்கும். இரண்டே வாரத்தில் எல்லோரும் கோப்பைக்கு என்ன செய்ய வேண்டும் என்று கற்றுக்கொள்வார்கள், எடை குறைப்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது.

நான் பல வருடமாக ஒரு சின்னக் குழுவில் இருக்கிறேன். எடை குறைந்து, அது பெரும்பாலும் அப்படியே நிற்கிறது. அங்கே யாரும் யாருடைய எண்ணையும் கேட்பதில்லை. கேட்பதெல்லாம் "இந்த வாரம் என்ன செய்யப் போகிறாய்", அடுத்த வாரம் "செய்தாயா". நாலு நாள் நடப்பேன் என்று சொன்னால் நாலு நாளா நடந்தாய் என்று கேட்பார்கள். நடப்பது நம் கையில் இருக்கிறது, மெஷினில் வருகிற எண் அன்றைக்கு நம் கையில் இல்லை. எனக்கு வேலை செய்தது இந்த ஒரு விஷயம்தான் என்று நினைக்கிறேன்.

அடிக்குறிப்பு:

தராசுமுள் சொன்னதில் பட்டியல் பற்றிய பகுதியை அப்படியே ஏற்கிறேன், தினமும் எடை பார்ப்பதே தப்பு என்று யாரும் எடுத்துக்கொண்டுவிடக் கூடாது என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிமீன், உங்கள் டாக்டர் சொன்ன 7 சதவீதம் பெரும்பாலும் 2002ல் வெளிவந்த அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்விலிருந்து வருவது. மூவாயிரத்துக்கும் அதிகமானோர், எல்லோரும் உங்களைப் போலச் சர்க்கரை எல்லையில் இருந்தவர்கள். 7 சதவீத எடைக் குறைப்பு, வாரம் 150 நிமிட உடலுழைப்பு என்ற இலக்கோடு இருந்த குழுவில் நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. இதைச் சொல்கிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அந்த ஆய்வில் ஒவ்வொருவருக்கும் ஒரு பயிற்றுநர் இருந்தார், முதல் ஆறு மாதத்தில் 16 பாடங்களை நேரில் உட்கார்ந்து நடத்தினார், அதற்குப் பிறகும் தொடர்ந்து பேசிக்கொண்டே இருந்தார். டாக்டர் அறையில் நமக்குக் கிடைப்பது அந்த 7 என்ற எண் மட்டும்தான், பயிற்றுநர் கிடைப்பதில்லை. அந்தக் காலி இடத்தைத்தான் இப்படிப்பட்ட குழுக்கள் அரைகுறையாகவாவது நிரப்பப் பார்க்கின்றன.

நிரப்புகின்றனவா? நேரடிக் குழுக்கள் இணையத்துக்கு வெகுகாலம் முன்பே இருக்கின்றன. அமெரிக்காவில் எஸ்தர் மான்ஸ் என்ற பெண்மணி 1948ல் தொடங்கிய டாப்ஸ், 1963ல் ஜீன் நைடெட்ச் தொடங்கிய வெயிட் வாட்சர்ஸ் இரண்டுமே நாலு பெண்கள் வீட்டில் கூடி மனம்விட்டுப் பேசியதில் பிறந்தவைதான். ரீனா விங், ராபர்ட் ஜெஃப்ரி இருவரும் 1999ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எனக்குப் பிடிக்கும். தனியாக வந்து வழக்கமான பயிற்சி எடுத்தவர்களில் 76 சதவீதம் பேர் கடைசிவரை நின்றார்கள், குறைத்த எடையை நாலாம் மாதத்திலிருந்து பத்தாம் மாதம்வரை முழுசாகக் காப்பாற்றியவர்கள் 24 சதவீதம். மூன்று நண்பர்களையோ உறவினர்களையோ கூட்டிக்கொண்டு வந்து, ஒருவரை ஒருவர் தாங்கும் பயிற்சியும் பெற்றவர்களில் 95 சதவீதம் பேர் நின்றார்கள், முழுசாகக் காப்பாற்றியவர்கள் 66 சதவீதம். நண்பர்களைக் கூட்டிக்கொண்டு வரக்கூடிய ஆள் முதலிலேயே வேறு மாதிரி ஆளாக இருந்திருக்கலாம், யார் தனியாக வர வேண்டும் யார் துணையோடு வர வேண்டும் என்று சீட்டுக் குலுக்கிப் பிரிக்கவில்லை. அதைக் கழித்துப் பார்த்தாலும் வித்தியாசம் சின்னதில்லை.

இணையத்துக்கு வந்தால் கதை கொஞ்சம் மங்கலாகிறது. டெபோரா டேட் குழுவினர் 2001ல் வெளியிட்ட ஆய்வில், எடை பற்றிய நல்ல இணைப்புகளை மட்டும் கொடுத்து விட்டவர்கள் ஆறு மாதத்தில் சராசரியாக 1.6 கிலோ குறைத்தார்கள். வாரா வாரம் பாடம், தாங்கள் எழுதி அனுப்பிய உணவு, நடைக் குறிப்புகளுக்கு ஓர் ஆள் தனித்தனியாக எழுதும் பதில், தங்களுக்குள் பேசிக்கொள்ள ஓர் இடம் இதெல்லாம் கிடைத்தவர்கள் 4.1 கிலோ. தகவல் இரு தரப்புக்கும் கிடைத்தது. ஒரு தரப்புக்கு மட்டும் எதிரே ஆள் இருந்தது.

குறைத்ததைக் காப்பாற்றுவதில் நேரில் சந்திப்பதற்கு இன்னும் வலு அதிகம். 2006ல் வந்த ஓர் ஆய்வில், ஏற்கெனவே உடல் எடையில் பத்து சதவீதமாவது குறைத்திருந்த 314 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒன்றரை வருடத்தில் 2.3 கிலோவோ அதற்கு மேலோ திரும்ப ஏறியவர்கள், செய்திமடல் மட்டும் வாங்கியவர்களில் 72 சதவீதம், இணையக் குழுவில் 55 சதவீதம், நேரில் கூடியவர்களில் 46 சதவீதம். அதே ஆய்வில் தினமும் எடை பார்க்கச் சொன்னார்கள், அது உதவியது. ஆனால் எப்படி? போக்குவரத்து சிக்னல் மாதிரி மூன்று நிறம். பச்சையில் இருந்தால் பாராட்டோடு ஒரு சின்னப் பரிசு, மஞ்சளில் வந்தால் என்ன மாற்றலாம் என்று தானே யோசிக்க வேண்டும், சிவப்புக்குப் போனால் உதவியாளர் துணையோடு மறுபடி குறைக்கத் தொடங்க வேண்டும். எண் ஏறும்போது உதவி கூடுகிறது. உங்கள் குழுவில் எண் ஏறும்போது ஆமை வருகிறது. ஒரே மெஷின், ஒரே எண், பயன்படுத்தும் விதம்தான் வேறு.

தராசுமுள்:

சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். தினமும் பார்த்துத் தன் நோட்டில் எழுதிக்கொள்கிறவர்கள் எங்கள் குழுவிலும் இருக்கிறார்கள். ஏழு நாள் சராசரியை எடுத்துப் போன வாரச் சராசரியோடு ஒப்பிட்டால் தண்ணீர் ஆட்டம் பெரும்பாலும் அடங்கிவிடும். மெஷினைப் பார்த்தாலே அன்றைய பொழுது கெட்டுவிடும் என்கிறவர்களுக்கு அதுவும் வேண்டாம், வாரம் ஒரு தடவை போதும்.

இரவுப்பணி:

ஆராய்ச்சியெல்லாம் எனக்குத் தெரியாது, என் கதையைச் சொல்கிறேன்.

எனக்குப் பசி பிரச்சினையே இல்லை, ராத்திரி ஒரு மணிக்கு வரும் அந்தத் தனிமைதான் பிரச்சினை. வேலை முடிந்து வருவேன், வீடே தூங்கிக்கொண்டிருக்கும், அலமாரியில் ஏதாவது இனிப்பு இருக்கும். அந்த நேரத்தில் யாரை எழுப்பி "எனக்குச் சாப்பிடத் தோன்றுகிறது" என்று சொல்வது? குழுவில் எழுதினால் உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் யாரோ ஒருவருக்கு அது மத்தியானமாக இருக்கும், "இருக்கேன், சொல்லு" என்று பதில் வரும். பல தடவை சாப்பாட்டைப் பற்றிப் பேசவே மாட்டோம், வேலையைப் பற்றியோ பிள்ளைகளைப் பற்றியோ நாலு வரி, அதற்குள் அந்த வேகம் தணிந்துவிடும். சில நாள் தணியாது, சாப்பிட்டுவிட்டுப் போய்ப் படுப்பேன். அதையும் மறுநாள் அங்கேயே சொல்வேன், யாரும் தலையில் குட்டுவதில்லை.

பெரிய மன்றத்தில் வெறுமனே படிப்பதால் எனக்கு எதுவும் நடக்கவில்லை. அங்கே தொடர்ந்து ஒரே மாதிரி நேரத்தில் எழுதும் நாலைந்து பேர் பழகி, தனியாக ஒரு சின்னக் குழு வைத்துக்கொண்டோம், அப்புறம்தான் மாற்றம் தெரிந்தது. ஆயிரம் பேர் உள்ள இடத்தில் நான் வராவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆறு பேரில் ஒருவர் வராவிட்டால் தெரிந்துவிடும்.

ஒற்றைக்கண்:

எல்லோரும் பாராட்டியே எழுதுகிறீர்கள், நான் கொஞ்சம் கசப்பாகப் பேசிவிட்டுப் போகிறேன்.

நான் பார்த்த குழுக்களில் பாதி கடைதான். முதல் மாதம் அன்பு, இரண்டாம் மாதம் "எனக்கு உதவிய ஒரு பவுடர் இருக்கிறது, இன்பாக்ஸில் கேளுங்கள்". அட்மினே விற்பவராக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள், அங்கே உங்களுடைய தோல்விகூட அவருக்கு வியாபாரம். மருந்து மாத்திரையை நிறுத்தச் சொல்கிற குழுவும் அப்படித்தான். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் யாரோ முகம் தெரியாதவர் பேச்சைக் கேட்டுச் சாப்பாட்டைத் திடீரென்று பாதியாக்கினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். தைராய்டு குறைபாடு, ஸ்டீராய்டு மருந்துகள், மனநல மருந்துகள் சில, இவையெல்லாம் எடையை ஏற்றக்கூடியவை. அப்படிப்பட்ட ஒருவரிடம் "உனக்கு மன உறுதி இல்லை" என்று முப்பது பேர் சேர்ந்து சொன்னால் அதை உதவி என்று எப்படிச் சொல்வது?

அடுத்தது போட்டி. ஒரு நாளைக்கு 800 கலோரி அல்லது அதற்கும் கீழே என்பது டாக்டர் கண்காணிப்பில் மட்டும் செய்ய வேண்டிய விஷயம். வேகமாக எடை இறங்கினால் பித்தப்பையில் கல் வரும் வாய்ப்புக் கூடும், தசையும் கரையும். இந்தக் குழுக்களில் அதைச் "சவால்" என்று பெயர் வைத்து நடத்துகிறார்கள். வாரத்துக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ என்கிற சாதாரண வேகத்தில் போகிறவருக்கு அங்கே லைக்கே விழாது.

இன்னும் இருட்டான மூலையும் உண்டு. பட்டினியையே வாழ்க்கை முறையாகக் கொண்டாடும் கூட்டங்கள். 2012ல் டம்ப்ளர், பின்டரெஸ்ட், இன்ஸ்டாகிராம் மூன்றும் அடுத்தடுத்து அவற்றுக்குத் தடை போட்டன. எழுத்தை மாற்றி எழுதிப் புது ஹேஷ்டேக்கில் அதே கூட்டம் திரும்பி வந்தது. 2025 ஜூனில் டிக்டாக் இதே மாதிரி ஒரு ஹேஷ்டேக்கை முடக்க வேண்டி வந்தது என்றால் பிரச்சினை தீரவில்லை என்றுதான் அர்த்தம். அங்கேயும் ஒருவருக்கொருவர் ஆதரவாகத்தான் பேசிக்கொள்கிறார்கள், அதுதான் பயமே. சாப்பிட்டதற்காகத் தன்னைத் தண்டித்துக்கொள்வது, சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுப்பது, இப்படியெல்லாம் எண்ணம் வந்தால் எடைக் குழுவை மூடிவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள்.

அப்புறம் அந்த மெஷின் படம். உங்கள் பெயரோடும் கைபேசி எண்ணோடும் உங்கள் உடம்புக் கணக்கு முப்பது பேர் போனில் கிடக்கிறது. பெரிய நிறுவனங்களே இதில் தப்பவில்லை. மைஃபிட்னஸ்பால் செயலியில் 2018ல் சுமார் 15 கோடிப் பேரின் பயனர்பெயர், மின்னஞ்சல் போன்ற விவரங்கள் களவு போயின. புனைபெயர், தனி மின்னஞ்சல், முகம் தெரியாத படம். இவ்வளவும் செய்துவிட்டு அப்புறம் மனம் திறந்து பேசுங்கள்.

ஊசிநூல்:

ஒற்றைக்கண் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். நான் டாக்டர் எழுதிக்கொடுத்து, எடை குறைக்க உதவும் செமாக்ளூடைட் ஊசி போட்டுக்கொள்கிறேன். பழைய குழுவில் இதைச் சொன்ன அன்றே தொனி மாறிவிட்டது, "குறுக்கு வழி" என்றார் ஒருவர், இன்னொருவர் என்னுடைய பழைய பதிவுகளுக்குப் போட்ட பாராட்டையெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்வதுபோலப் பேசினார். வெளியேறிவிட்டேன்.

இந்த ஊசி போட்டவர்களுக்கும் துணை வேண்டும் என்று பலருக்குத் தெரிவதில்லை. பெரிய ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீத எடை குறைந்தது உண்மை. அதே ஆய்வின் தொடர்ச்சியில், ஊசியையும் கூடவே நடந்த உணவு, உடற்பயிற்சி ஆலோசனையையும் நிறுத்திய ஒரு வருடத்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப வந்துவிட்டது என்பதும் உண்மை. குமட்டல் வரும் வாரத்தில் என்ன செய்வது, சாப்பாடே இறங்காதபோது புரதத்தை எப்படிக் கவனித்துக்கொள்வது, நிறுத்தச் சொன்னால் என்ன ஆகும் என்ற பயம், இதையெல்லாம் பேச அதே வழியில் போகிறவர்கள் வேண்டும். இப்போது இருக்கும் குழுவில் ஊசி போடுபவர், அறுவை சிகிச்சை செய்தவர், நடையை மட்டும் நம்புகிறவர் எல்லோரும் இருக்கிறோம். அளவு எவ்வளவு, எங்கே வாங்கினாய் என்ற கேள்விகளுக்கு மட்டும் அங்கே இடம் இல்லை, அதை டாக்டரிடம் கேள் என்று சொல்லிவிடுவார்கள். அந்த விதி எனக்குப் பிடித்திருக்கிறது.

பழையகாவல்:

கொஞ்ச காலம் ஒரு பெரிய எடைக் குழுவில் மட்டுறுத்துநராக இருந்தவள் என்ற முறையில், வெள்ளிமீன் கேட்ட அந்தக் "காணாமல் போவது" பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் முக்கியம் என்பது என் கருத்து.

உள்ளே இருந்து பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். குறைந்துகொண்டிருப்பவர்கள் எழுதுவார்கள், ஏறிக்கொண்டிருப்பவர்கள் மௌனமாகிவிடுவார்கள். அதனால் குழுவைப் படிக்கிறவருக்கு உலகத்தில் எல்லோருக்கும் இறங்குகிறது, தனக்கு மட்டும் ஏறுகிறது என்று தோன்றும். நிஜம் நேர்மாறு. எடை குறைத்த பெரும்பாலோருக்குக் கொஞ்சமாவது திரும்ப ஏறும், அதில் உடம்பின் பங்கு பெரிது. 2011ல் வந்த ஓர் ஆய்வில் 50 பேர் பத்து வாரம் மிகக் குறைந்த கலோரி உணவில் இருந்தார்கள். ஒரு வருடம் கழித்தும் பசியைத் தூண்டும் கிரெலின் போன்ற ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை, பசி உணர்வும் முன்பைவிடக் கூடுதலாகவே இருந்தது. இது தெரிந்தால் ஏறிய வாரத்தில் தலை குனிய வேண்டிய அவசியம் பாதி குறைந்துவிடும்.

அதனால் எங்கள் குழுவில் மூன்று நான்கு மாற்றங்கள் செய்தோம். வெற்றிக் கதைக்கு இருந்த தனிப் பகுதியைப் போலவே "ஏறிவிட்டது, திரும்பி வந்தேன்" என்பதற்கும் ஒரு பகுதி திறந்தோம், கொஞ்ச நாளில் அதுதான் அதிகம் படிக்கப்பட்ட பகுதி ஆனது. திரும்பி வந்தவரிடம் எங்கே போனாய், எவ்வளவு ஏறியது என்று கேட்கக் கூடாது, வந்ததற்கு வரவேற்பு மட்டும். யாராவது திடீரென்று மௌனமானால் அவரோடு பழகியவர் ஒருவர் தனியாக ஒரு செய்தி அனுப்புவார், அதில் எடை, உணவு, நடை எதுவும் இருக்காது, "உன் பூனை எப்படி இருக்கிறது" என்ற ரகம். எல்லோரும் திரும்பவில்லைதான். திரும்பியவர்கள் பலர் அந்த ஒரு வரிக்காகத்தான் வந்தேன் என்று பிறகு எழுதினார்கள்.

படிப்பதோடு நிறுத்திக்கொள்வதைப் பற்றி இரவுப்பணி சொன்னார். அதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. எந்த இணையக் குழுவிலும் பெரும்பாலோர் படிப்பவர்கள்தான், இணையப் பயன்பாட்டை ஆராயும் ஜேக்கப் நீல்சன் 2006ல் சொன்ன உத்தேசக் கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர். எங்களிடம் நெடுநாள் படித்துவிட்டு, தன்னைப் போலவே ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்த தைரியத்தில் டாக்டரிடம் போனவர்கள் உண்டு. ஆனால் ஏறிய வாரத்தில் கைகொடுக்க வேண்டுமென்றால் நீங்கள் இருப்பது யாராவது ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும், அந்த அளவில் இரவுப்பணி சரி.

இன்னொன்று, எந்தக் குழுவும் நிரந்தரம் இல்லை. ஸ்பார்க்பீப்பிள் என்ற பெரிய இலவசத் தளம், 2001லிருந்து ஓடிக்கொண்டிருந்தது, 2021 ஆகஸ்டில் மூடிவிட்டார்கள். அங்கே வருடக்கணக்கில் எழுதியவர்கள் தங்கள் குறிப்புகளையும் நண்பர்களையும் அவசர அவசரமாக எடுத்துக்கொண்டு வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. உங்கள் எடைக் குறிப்பு, டாக்டர் முடிவுகள் எல்லாம் உங்களிடமே ஒரு பிரதி இருக்கட்டும். நெருங்கிப் பழகிய இரண்டு மூன்று பேரோடு குழுவுக்கு வெளியேயும் ஒரு தொடர்பு வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிமீன்:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு பதில் எதிர்பார்க்கவில்லை. ஆமைக் குழுவின் அட்மினிடம் தனியாகப் பேசினேன், படம் போடாமல் நடந்த நிமிடங்களை மட்டும் போடலாமா என்று கேட்டதற்கு "அப்படியென்றால் போட்டியில் இருக்க முடியாதே" என்றார், சரி என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். அங்கிருந்து ஒரு பெண் எனக்குச் செய்தி அனுப்பினாள், அவளுக்கும் அந்த ஆமை பிடிக்கவில்லையாம். இப்போது நாங்கள் இரண்டு பேர்.

அடிக்குறிப்பு, பயிற்றுநர் பற்றி நீங்கள் சொன்னதைப் படித்ததும் மனம் கொஞ்சம் லேசானது. ஏழு சதவீதம்தானே, இதைக்கூடத் தனியாகச் செய்ய முடியவில்லையே என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக ஒரு சந்தேகம். பெரிய மன்றத்தில் முதல் தடவை எழுத உட்காருகிறேன், என்ன எழுதுவது என்றே தெரியவில்லை. எடையைச் சொல்லாமல் எப்படித் தொடங்குவது?

பழையகாவல்:

ரொம்ப யோசிக்காதீர்கள். ஏன் வந்தீர்கள் என்று ஒரு வரி, இந்த வாரம் என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஒரு வரி, என்ன மாதிரி பதில் வேண்டும் என்று ஒரு வரி. கடைசி வரியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், அதனால்தான் ஆறுதல் தேடி வந்தவருக்கு டயட் சார்ட் வந்து குவிகிறது. "சர்க்கரை எல்லையில் இருக்கிறது, இந்த வாரம் ஐந்து நாள் அரை மணி நேரம் நடக்கப் போகிறேன், ஆலோசனை வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை யாராவது நடந்தாயா என்று கேட்டால் போதும்." இவ்வளவுதான்.

இரவுப்பணி:

எந்த மன்றம் என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை நான் கேட்கிறேன். ராத்திரி ஒரு மணிக்குத்தான் கேட்பேன், காலையில் பார்த்துக்கொள்ளுங்கள்.